நாலாம் தொட்டியில் சர்க்கரை

என்னை இங்கே எல்லோரும் சந்தேகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது இருபத்து நான்கு. இருப்பது ஒரு மீன் பண்ணையின் பரிசோதனை அறையில், காலித் தீவனப் பீப்பாயின் மேல். கையில் ரப்பர் உறை, உறை முழுக்க மீனின் வழவழப்பு. அதனால் வழக்கம்போல ஃபோனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

முதலில் அம்மாவுக்கு. போன மாதம் நான் அனுப்பியதில் "முதலை தினமும் காலையில் தொட்டி ஓரமாக வந்து நின்று என்னையே பார்ப்பார்" என்று இருந்ததே, அது முதலாளி. ஃபோன் செய்த வேலை. நீ ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் அக்காவிடம் "முதலைக்கு எதுக்குடி இவன் மரியாதை குடுக்கிறான்?" என்று கேட்டாயாம். அந்த மரியாதையை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாம்.

அடுத்து அக்காவுக்கு. நீ பஸ்ஸில் படிக்கிற துப்பறியும் நாவல் மாதிரியே இதைச் சொல்கிறேன். கொலை கிடையாது. ரத்தம் உண்டு.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பரிசோதனை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். ஒரு கையில் தாள், இன்னொரு கையில் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம்.

"கெடைச்சிருச்சு," என்றார். "நாலாம் தொட்டி ஷெட்டுல, அலமாரிக்குள்ள."

மேஜைக்குப் பின்னால் டாக்டரம்மா நிமிர்ந்தார். மீன் டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். இந்தக் கதையில் துப்பறிபவர் அவர்தான். கூடவே நின்று கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் உதவியாளன் நான்.

"என்ன சார் இது?"

"சர்க்கரை. நாலாம் தொட்டி மீனுக்கு மூணு வாரமா ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்குன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. அந்தத் தொட்டியைப் பாத்துக்கிறவன் அலமாரியில சர்க்கரை இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது டீக்கு வெச்சிருக்கிறது சார்," என்றேன். "அவர் ஒரு டம்ளருக்கு நாலு ஸ்பூன் போடுவார். மீனுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வராது."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்து நாளாகவே அவர் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. இந்த நாட்டில் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற விண்ணப்பம் அவர் மேஜையில், தாள் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டுக்குக் கீழே, அதே பத்து நாளாகக் கையெழுத்து இல்லாமல் கிடக்கிறது. நான் தட்டிலிருந்த ஊசிகளை எண்ண ஆரம்பித்தேன்.

வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே. மனிதனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாக்கை நீட்டச் சொல்லலாம். மீனிடம் அது நடக்காது. அதனால் வாரம் ஒரு முறை ஒவ்வொரு தொட்டியிலும் பத்து மீனைப் பிடித்து, வாலருகே ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். சர்க்கரை பார்க்க, அம்மா, உன் விரலில் குத்துகிறாயே, அதே மிஷின்தான். முதல் மூன்று தொட்டியும் இந்தக் கட்டடத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு ஊசி போடுவது நான். நாலாவது முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனி ஷெட்டில் இருக்கிறது. முட்டைக்காக வளர்க்கிற முந்நூறு தாய் மீன்கள் அதில். அங்கே ஊசி போடுவது அப்படியே அண்ணன்.

எது சொன்னாலும் "அப்படியே" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார். சொன்னதை அப்படியே செய்வார். அதனால் அந்தப் பெயர். நான் வந்த முதல் வாரம் தன் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு, "எனக்குக் குளிரே தெரியாது" என்று பல் கிடுகிடுக்கப் பொய் சொன்ன மனிதர்.

"அது மட்டும் இல்ல," என்றார் முதலாளி. "ஷெட்டுக்குள்ள மீனுங்க முன்னாடி நின்னு என்னமோ முணுமுணுக்கிறான். நானே ஜன்னல் வழியாக் கேட்டேன். ஒவ்வொரு மீனையும் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அவன் என்ன செய்வினையா வைக்கிறான்? நோயா இருந்தாலும் சரி, இவன் வேலையா இருந்தாலும் சரி, மத்த மூணு தொட்டிக்கும் பரவ விடமாட்டேன். ரெண்டு மணிக்கு வால்வைத் திறந்து நாலாம் தொட்டியைக் காலி பண்றேன். மீனைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிடலாம். அவன் நாளைக்கு ஊருக்குக் கிளம்பட்டும்."

"ரத்தத்தை நான் இன்னும் முழுசாப் பாக்கல சார்."

"ரத்தம் பொய் சொல்லுமா டாக்டர்?"

"சொல்லாது. ஆனா நாம கேட்ட கேள்வியை விட்டுட்டு வேற கேள்விக்குப் பதில் சொல்லும். ரெண்டு மணி வரைக்கும் எனக்கு விடுங்க."

முதலாளி சர்க்கரைப் பொட்டலத்தைச் சாட்சிப் பொருள் மாதிரி மேஜையின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

*

டாக்டரம்மா அன்று காலை நாலாம் தொட்டியில் எடுத்த ரத்தம் உள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் மிஷினில் அடுக்கினார். அது ஐந்து நிமிடம் அலறி ஓய்ந்தது. ஒரு குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"கீழே சிவப்பு. மேலே தண்ணி மாதிரி ஒண்ணு. நடுவில நகத்தால கோடு போட்ட மாதிரி வெள்ளை."

"நோய் வந்திருந்தா?"

"அந்த வெள்ளை தடிச்சிருக்கும். சண்டை போட ஆள் சேர்த்திருக்கும்."

"தடிச்சிருக்கா?"

"ரொம்ப ஒல்லி மேடம். நாலாம் தொட்டியில ராணுவம் லீவுல இருக்கு."

"சிவப்பும் நல்லா இருக்கு. சோகை இல்ல. அப்ப இந்த மீனுக்கு நோய் இல்ல. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கு." கண்ணாடியைக் கழற்றி மார்பில் விட்டார். "இது பயந்த மீன்."

"பயமா?"

"பயந்தா ரத்தத்துல சர்க்கரை ஏறும். தப்பிச்சு ஓடறதுக்கு உடம்பே அவசரமாக் கட்டிக் குடுக்கிற சாப்பாடு அது."

"எனக்கும் முதலாளி கதவைத் திறந்தா அப்படித்தான் மேடம் இருக்கு. ஒரு சொட்டு எடுத்துப் பாக்கலாமா?"

"பாக்கலாம். முதல்ல மீனைப் பயமுறுத்தினவனைப் பிடிப்போம்."

மீதிக் குழாய்களையும் மற்ற தொட்டி ரத்தத்தையும் பார்த்து முடிக்க ஒரு மணி ஆகிவிட்டது. முற்றத்தைக் கடக்கும்போதே சந்தேக நபர்களின் பட்டியலைச் சொல்லிவிட்டேன். கூரையில் உட்காருகிற கொக்கு. தண்ணீர் பம்பின் சத்தம். ஷெட்டு வாசலில் படுத்திருக்கிற ஒற்றைக் காது பூனை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற முதலாளி.

"பேருக்கு ஏத்த பிள்ளை," என்றார் டாக்டரம்மா. "உலகத்துல யாரையாவது விட்டு வெச்சிருக்கியா?"

"உங்களையும் என்னையும் மேடம்."

*

ஷெட்டுக்குள் அப்படியே அண்ணன் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் நேராக நிறுத்தினார். அவர் அங்கேயே படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய பெட்டி ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. செய்தி முன்னாலேயே வந்துவிட்டது போலிருக்கிறது.

டாக்டரம்மா ஒரு கை தீவனத்தை எடுத்துத் தொட்டியில் வீசினார். தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வந்தன. ஒன்று துள்ளி என் சட்டையை நனைத்தது.

"பயந்த மீன் சாப்பாட்டுக்கு இப்படி முந்திக்கிட்டு வராது," என்றார். "அண்ணே, ரத்தம் எடுக்கறப்போ நான் சொன்ன மாதிரிதானே செய்யறீங்க?"

"அப்படியே மேடம்."

"ஏதாவது மாத்திச் செஞ்சீங்களா?"

"சொன்னது அப்படியே."

"முதலாளி நீங்க முணுமுணுக்கிறதாச் சொல்றாரே?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அதுவும் சொன்னதுதான் மேடம்."

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வலையை எடுத்தார். தொட்டியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஒரு மீனை ஒரே வீச்சில் பிடித்து, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவிட்டு, வாலருகே குத்தி, ஒரு சொட்டை மிஷினில் வைத்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"ஐம்பத்தெட்டு," என்று படித்தேன். "மேடம், இது நல்லா இருக்கே. மத்த தொட்டி மாதிரியேதான்."

"அந்த அட்டையைக் குடு."

சுவரில் தொங்கிய அட்டையில் அண்ணன் மூன்று வார எண்களையும் வரிசையாக எழுதியிருந்தார். முத்து முத்தான கையெழுத்து. டாக்டரம்மா விரலை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினார். முதல் மீன் அறுபத்திரண்டு. இரண்டாவது எழுபத்தைந்து. மூன்றாவது தொண்ணூறு. ஐந்தாவது நூற்றிருபது. பத்தாவது நூற்றெண்பத்தெட்டு. அடுத்த வாரமும் அதே ஏற்றம். அதற்கடுத்த வாரமும்.

"மாடிப்படி மாதிரி ஏறுது பாத்தியா? கொக்கு பயமுறுத்தினா எல்லா மீனும் ஒண்ணாத்தான் பயப்படணும். பம்பு, பூனை, எதுவா இருந்தாலும் அப்படித்தான். இது க்யூவுல நின்னு பயப்படுது. ரத்தம் எடுக்க ஆரம்பிச்ச நிமிஷத்துலதான் பயமும் ஆரம்பிக்குது. கடைசியா நின்ன மீனுக்குத்தான் அதிகம்."

"பல் டாக்டர் வாசல்ல கடைசி டோக்கன் வாங்கின ஆள் மாதிரி."

"ஆனா பல் டாக்டர்கிட்ட காத்திருக்கிற இடம்னு ஒண்ணு இருக்கும். மீன் எங்கே காத்திருக்குது?" அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நாங்க இங்கே இல்லைன்னு நெனைச்சுக்குங்க. காலையில எடுத்த மாதிரியே இன்னொரு தடவை எடுங்க."

"அப்படியே மேடம்."

அவர் முதலில் செய்தது, மூலைக்குப் போய் ஒரு சிவப்பு வாளியை எடுத்து வந்தது. அதைத் துடைத்தார். பாதித் தண்ணீர் ஊற்றினார். வலையால் பத்து மீனைப் பிடித்து வரிசையாக அதில் விட்டார். பத்து மீன், ஒரு வாளி. வால் ஒன்றின் மூக்கில், மூக்கு இன்னொன்றின் வாலில். தண்ணீர் தளும்பியது.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். வாளிக்கு முன்னால் நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல, எழுத்தெழுத்தாக மீன்களுக்குப் படிக்க ஆரம்பித்தார்.

"வாளியிலே... இருந்து... ரத்தம்... எடுங்க. ஒவ்வொரு... மீனா... மெதுவா... படிங்க."

முதல் மீனை எடுத்து ஊசி போட்டார். எண்ணை எழுதினார். மீனைத் தொட்டியில் விட்டார். திரும்ப வந்து வாளிக்கு முன்னால் நின்றார். மறுபடி படித்தார்.

டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். குரல் மெதுவாக இருந்தது. "அண்ணே, என்ன படிக்கிறீங்க?"

"வந்த உத்தரவு மேடம். குத்துற எடம் வால்னு நீங்க காட்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் நீங்க வேற பண்ணைக்குப் போயிருந்த அன்னிக்கு, வாளியிலே இருந்து எடுக்கணும், மீனைப் படிக்கணும்னு புதுசா வந்துச்சு. மீனைப் படிக்க எனக்குத் தெரியாது. அதனால வந்ததையே அதுகளுக்குப் படிச்சுக் காட்டினேன்."

"யார் அனுப்பினது?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஃபோனைத் திருப்பிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "யாரோ அனுப்பினாங்க மேடம். அதை விடுங்க. நான்தான் நாளைக்குப் போறேனே."

அதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், இதே பீப்பாய், இதே வழவழப்புக் கை, இதே ஃபோன். "வாலிலே இருந்து ரத்தம் எடுங்க. ஒவ்வொரு மீனா மெதுவா பிடிங்க." அண்ணனுக்கு அனுப்ப நான் ஃபோனிடம் சொன்னது அதுதான். அனுப்பியதைத் திரும்பப் படிக்கவில்லை.

காதுக்குள் பம்பு ஓடுகிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா வாளியின் முன் குனிந்து அதைச் சுற்றிப் பார்த்தார். "குற்றவாளி," என்றார். "பேருலயே இருந்திருக்கு பாரு. குற்றம் பண்ணினது வாளிதான். அரை மணி நேரம் பத்து பேரை ஒரு வாளியில அடைச்சு, நடுவில பாடமும் நடத்தினா யாருக்குத்தான் சர்க்கரை ஏறாது? ஆனா வாளிக்குப் பேச வராது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பேசினது யாரு?"

என் பட்டியலில் இரண்டு பேரை விட்டு வைத்திருந்தேன் அல்லவா. அதில் ஒருவன்.

"அண்ணே, ஏண்ணே நீங்க கேக்கல?" என்றேன். "மீனைப் படிங்கன்னா என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேலை தெரியாதவன்னு நெனைப்பாங்க தம்பி. கேள்வி கேக்கிற ஆள் வேண்டாம்னு மொத நாளே முதலாளி சொல்லிட்டாரு. நீ கேப்பே. உனக்கு அது வரும். எனக்குப் பயம்."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணே முக்கால். இது சின்னப் பசங்க தப்பு, நான் சொன்னா முதலாளி ஒத்துக்குவார். உன் பேரைச் சொல்லாமலேயும் சொல்ல முடியும், ஏதோ ஃபோன் கோளாறுன்னு. நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. கண்ணாடிக் குண்டுக்குக் கீழே இருக்கிற அந்தத் தாள்தான் முதலில் கண் முன்னால் வந்தது. அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அதன் மேல் அந்தக் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

*

சரியாக இரண்டு மணிக்கு முதலாளி வால்வுச் சாவியோடு வந்தார். நான் தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். முழுக்கச் சொன்னேன். வால், வாளி, பிடி, படி, எல்லாவற்றையும். அண்ணனின் ஃபோனைக் கேட்டு வாங்கிக் காட்டினேன். மேலே என் பெயர் இருந்தது.

"மீனுக்கு நோய் இல்ல சார். அண்ணன் மேலேயும் தப்பில்ல. நான் அனுப்பினதை அவர் செஞ்சார். ஊருக்கு அனுப்பணும்னா என்னைத்தான் அனுப்பணும்."

டாக்டரம்மா தொட்டியிலிருந்து நேராக எடுத்த மீனின் எண்ணையும், மாடிப்படி எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாளி அவற்றை ஒரு தடவைதான் பார்த்தார். ஆனால் அண்ணனின் ஃபோனை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய்க்குள் "வாலு, வாளி" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுத் தன் ஃபோனை எடுத்து எதையோ தேடி, என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"அப்ப இது?"

பத்து நாளைக்கு முன்னால் நான் அவருக்கு அனுப்பியது: "முதலை சார், நாளைக்கு எனக்கு அரை நாள் லீவு வேணும்."

டாக்டரம்மா கூரையில் கொக்கைத் தேடினார்.

"முதலாளி சார்னு சொன்னேன் சார்," என்றேன். "ஃபோனுக்கு அந்த வார்த்தை மட்டும் வரவே மாட்டேங்குது."

"பத்து நாளா தினம் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கிறேன்டா. பல்லையும் தாடையையும் திருப்பித் திருப்பிப் பாக்கிறேன். வீட்டுல என்னன்னு கேக்கிறாங்க. என்னன்னு சொல்றது?"

"நீங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சார்."

"எப்படிக் கேக்கிறது? என்னை எதுக்குடா முதலைன்னு கூப்பிட்டேன்னு ஒரு மனுஷன் வாயைத் திறந்து கேப்பானா? உன் தாளைக் குண்டுக்கு அடியில வெச்சேன். முதலைகிட்ட கையெழுத்து எதுக்குன்னு வெச்சேன்."

தொட்டியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. முதலில் சிரித்தது அப்படியே அண்ணன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. முதலாளி அவரை முறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

"பெட்டியைப் பிரி," என்றார் அவரிடம். "இனிமே ஏதாவது புரியலன்னா கேக்கணும். நான் சொன்னதா வெச்சுக்கோ."

"அப்படியே சார்." அண்ணன் கொஞ்சம் யோசித்தார். இந்தப் பண்ணைக்கு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப இனிமே மீனுங்களுக்குப் படிக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஒண்ணு ரெண்டு நல்லாக் கேட்டுக்கிட்டிருந்துச்சு சார்."

டாக்டரம்மா என் விரலை இழுத்து, சொல்லாமல் கொள்ளாமல் புது ஊசியால் குத்தி, ஒரு சொட்டை மிஷினில் வைத்தார். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இவனையும் தண்ணியில விட்டுக் கொஞ்ச நேரம் நீந்த விடணும்."

எனக்குத் தண்டனை, பண்ணையில் இருக்கிற நாற்பத்தொரு வாளியையும் கழுவிக் கவிழ்ப்பது. இனி உத்தரவு எதுவாக இருந்தாலும் கையால் எழுதுவது. அது முடிந்ததும் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, குண்டை நகர்த்தி, அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா மெதுவா படி," என்றார். "பிடிக்க வேண்டாம். படி."

படித்தேன். ஏழாவது வரியில் என் வயது நாற்பத்திரண்டு என்று இருந்தது. எழுதியது அவர்தான். இருவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்தோம். அவர் பேனாவை எடுத்து அதை அடித்து, இருபத்து நான்கு என்று திருத்தி, கையெழுத்து போட்டார்.

அம்மா, அக்கா, இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி. நான் அனுப்புகிறதில் ஒரு வார்த்தை இடித்தால், நீங்களாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். ஒரு ஃபோன் பண்ணி, என்னடா இதுன்னு கேளுங்கள்.